பாய் வீட்டு வாசலில் ஒரு கோலம்

காக்களூர் தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் அப்போது எனக்கு வேலை. கணக்கு எழுதுவது, டைப் அடிப்பது, டீ சொல்லி அனுப்புவது, மழை பெய்தால் ஒழுகும் இடத்தில் வாளி வைப்பது எல்லாம் என் இலாகா. முதலாளி பழவேற்காட்டுக்காரர். பேட்டையே அவரைப் பாய் என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கும்மிடிப்பூண்டியில் இருந்த ஓர் இரும்பு ஆலை வருடா வருடம் கொடுக்கும் ஆர்டரில்தான் எங்கள் எல்லோர் வீட்டு உலையும் கொதித்தது.

அந்த ஆலைக்குத் திடீரென்று நாகரிகம் வந்துவிட்டது. இனி கொட்டேஷனைக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வர வேண்டாம், எல்லாம் இன்டர்நெட்டில் ஏலம் என்றார்கள். ஏலம் என்றால் விலை ஏறும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் ஏலத்தில் விலை இறங்குமாம். யார் அதிகமாக இறங்குகிறாரோ அவருக்கு ஆர்டர். அது கைவிட்டுப் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பாய் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

ஆகவே பிராட்பேண்ட் வாங்கக் கிளம்பினோம். கம்பெனிக்காரர்கள் இரண்டு விலை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அதே கம்பி, அதே டப்பா. போன் போட்டுக் காரணம் கேட்டேன். "நீங்க அத வெச்சிக்கினு சம்பாதிப்பீங்க இல்ல மேடம்" என்றார் ஒருவர். எங்கள் சம்பாத்தியத்தில் எங்களுக்கே இல்லாத நம்பிக்கை அவருக்கு இருந்தது. அரிசிக் கடைக்காரர் வீட்டுக்கா ஓட்டலுக்கா என்று கேட்டு ஒரே அரிசிக்கு இரண்டு விலை சொன்னால் நாம் சண்டைக்குப் போவோம். இவர்கள் கேட்டால் மட்டும் அதற்குப் பெயர் பிளான்.

பாய் விண்ணப்பத்தில் வீடு என்றே எழுதிக் கொடுத்தார். "பின்னால ஒரு ரூம் கீது. படுத்தா ஊடு, உக்காந்தா ஆபீசு" என்றார்.

வீடுதானா என்று பார்க்க ஆள் வரும் என்றார்கள். அந்தப் பின்னறையை வீடாகத் தயார் செய்தோம். திருவள்ளூரில் வாடகைக்கு இருந்த பாயின் மனைவி, நாங்கள் அக்கா என்போம், கேஸ் அடுப்பும் குக்கருமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கொடியில் நைட்டியும் லுங்கியும் ஏறின. நான் என் பங்குக்குத் திருநின்றவூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, வாசலை அடைத்துப் பெரிய கோலம் போட்டேன். செம்மண் கரைகூட வைத்தேன். அது யார் வீட்டு வாசல் என்று போட்ட எனக்கும் தோன்றவில்லை, நின்று ரசித்த பாய்க்கும் தோன்றவில்லை.

வந்த ஆள் காகிதத்தில் இருந்த பெயரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். "இன்னாங்க, பாய் ஊட்ல கோலம்?"

"ஏன், எங்க வாசலு அழகா இருக்க வாணாமா?" என்றார் அக்கா, அசராமல்.

உள்ளே இரும்பு கடையும் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று கேட்டார். மாவு அரைக்கிறோம் என்றேன். ஷூவில் ஒட்டிய இரும்புத் தூளைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புது இணைப்புக்கு அவருக்குக் கமிஷன் உண்டு. கமிஷன் வரும் என்றால் லேத்தும் கிரைண்டராகத்தான் கேட்கும்.

ஏலத்தன்று காலை. பாய் என் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இதற்கு மேல் இறங்கக் கூடாது என்று ஒரு விலையைச் சொல்லிவைத்தார். முதல் விலையைத் தட்டினேன். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"ஊட்டு பிளான் மேடம். பகல்ல ஸ்லோவாதான் இருக்கும். அப்படி இன்னா அவசரம்?"

ஏலம் என்று எப்படிச் சொல்வது? நாங்கள்தான் வீடாயிற்றே. "சமையல் குறிப்பு பாக்கறேன் சார்" என்றேன்.

"நைட்டுல பாருங்க மேடம், சூப்பரா வரும்."

வட்டம் நின்றபோது ஏலம் முடிந்திருந்தது. பாய் சொல்லிவைத்த கடைசி விலையைவிட அதிகத்துக்கே வேறொருவர் ஆர்டரை வாங்கியிருந்தார். பாய் எழுந்துபோய் லேத்தை நிறுத்தினார்.

பட்டறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துப் போனார்கள். பழைய பாக்கிக் கணக்கைப் பார்க்க எனக்கு மட்டும் பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம். வாடகை கட்ட முடியாமல் பாய் திருவள்ளூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, அந்தப் பின்னறைக்கே அக்காவோடு குடிவந்தார். அதே அடுப்பு, அதே குக்கர், கொடியில் அதே நைட்டி.

அதன் பிறகுதான் அந்த பிராட்பேண்ட் கம்பெனி ஆள் மறுபடியும் வந்தார். வீடு என்று சொல்லித் தொழில் நடத்துகிறவர்களைப் பிடித்து, பெரிய விலைக்கு மாற்றிவிட்டால் இப்போது கமிஷனாம். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே இங்கதான் குடியிருக்கோம்பா" என்றார்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. லேத் கீது, ஷட்டர் கீது. போன தபா வாசல்ல ஒரு கோலமாச்சும் இருந்துச்சு."

சாக்குப் போட்டு மூடியிருந்த லேத்தைக் காட்டி, "அது ஓடியே மாசக்கணக்காச்சு சார், சோத்துப் பானையத் தொட்டுப் பாருங்க" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே தொழில் என்று எழுதிக்கொண்டு போனார். அன்று வந்த கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மறுநாள் நான் வந்தபோது அக்கா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். கையில் ஒரு கோலமாவு பாக்கெட்.

"போடும்மா" என்றார். "அப்போ சும்மா போட்ட. இப்போ நெசமாவே ஊடு தானே."