பைய மக்கா, பைய

எங்கள் கார் பிரேக் பேடைத் தேய்க்கிற வேகத்தில் நான் செருப்பைக்கூடத் தேய்த்ததில்லை. ஊரில் மற்றவர்கள் வண்டியில் அது வருஷக்கணக்கில் உழைக்கிறது. எங்கள் வண்டிக்கு மட்டும் ஒரு வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மாற்றினால் அடுத்த தபசு வருவதற்குள் முன்சக்கரத்தில் இரும்பும் இரும்பும் உரசுகிற கரகரச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது முறையாக அந்தச் சத்தம் கேட்டபோது, சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொல்லாமலே மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. எங்கள் வீட்டில் கார் இருமினாலும் அங்கே தகவல் போய்விடும். என் மாமனார் தினமும் மகனிடம் போனில் செய்தி வாசிப்பவர். தலைப்புச் செய்தி எப்போதும் கார்தான்.

"இன்னொரு தடவ இப்படிச் சீக்கிரம் தேஞ்சுதுன்னா டிரைவர் போட்டுருவோம். உனக்கு ஓட்ட வரலன்னுதான அர்த்தம்?" என்றார் என் வீட்டுக்காரர் போனில். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு கொடுத்திருப்பேன். கடையில் சரக்கு சரியில்லை என்றால் வேறு கடை பார்ப்போம் என்பதுபோல அமைதியாகச் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

டிரைவர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்குச் சேலை வியாபாரம். இங்கே விசைத்தறியில் ஓடும் பருத்திச் சேலைகளை வாங்கி, மடித்துக் கட்டி, புளியங்குடி, குருவிகுளம், திருவேங்கடம் என்று சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். முட்டுவலி வந்து மொபெட்டை விற்றபிறகு அவரையும் சேலைகளையும் ஏற்றிக்கொண்டு போவது என் வேலையாயிற்று. வீட்டில் லைசென்ஸ் இருப்பது எனக்கு மட்டும்தான். டிரைவர் வந்துவிட்டால் அவரும் மாமாவும் கிளம்பிப் போவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருப்பேன். அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற நேரத்தில்தான் நான் வாசலைத் தாண்டுகிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனால் அந்தக் காருக்குள் நான் என்னவோ சிறகடித்துப் பறந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பின்சீட்டில் சேலைக் கட்டு கூரைவரை இருக்கும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் அரக்கும் மஞ்சளுமாகச் சேலைக் கரைதான் தெரியும், ரோடு தெரியாது. ஏசி போட்டால் மாமாவுக்கு மூட்டு பிடிக்கும். ஜன்னலை முழுக்க இறக்கினால் சேலையில் புழுதி ஏறும். ஆகவே நாலு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கிவைத்து, அந்த இடுக்கு வழியாக வருகிற காற்றில் நாங்கள் இருவரும் வேர்த்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் அவர் தலைக்கு மேலிருக்கும் பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே வருவார்.

"பைய மக்கா, பைய."

பைய என்றால் மெதுவாக. மாமா சொன்னால் அதற்கு இன்னும் பல அர்த்தம் உண்டு. எதிரே பஸ் வந்தால் பைய. ஆடு நின்றால் பைய. ஆடு இல்லாவிட்டாலும் எங்கிருந்தாவது வரலாம் என்பதால் பைய. நான் மூன்றாம் கியரில் உருட்டிக்கொண்டிருக்கும்போது சைக்கிளில் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனால், அவர் தாண்டிப் போகட்டும் என்பதற்காக ஒரு பைய. கூடவே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம் ஒன்று உண்டு: "பிரேக்குல எப்பவும் கால் இருக்கட்டும். எடுத்துத் தேடக் கூடாது." எடுத்துத் தேடினால் ஆபத்து நேரத்தில் கால் அகப்படாதாம். வாழ்க்கையில் ஒருநாளும் கார் ஓட்டாத மனிதர் அவ்வளவு உறுதியாகச் சொன்னார். சேலை உலகத்தில் அவர் சொல்வதெல்லாம் சரியாக இருந்ததால் இதையும் நான் நம்பிவிட்டேன். ஆக்சிலேட்டரை மிதிக்கிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் என் வலதுகால் பிரேக்கின் மேலேயே ஓய்வெடுத்தது.

ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் ஒர்க் ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனோம். நானும் மாமாவும்தான். நான் தனியாகப் போகிறேன் என்றேன். நீ தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவான் என்று அவரும் ஏறிக்கொண்டார். மெக்கானிக் என் வயசுக்காரர்தான். முதலில் ஒரு பக்கம் ஏதோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் தேய்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முன்சக்கரம் இரண்டையும் கழற்றினார். கழற்றிப் பார்த்தால் அவர் தீர்ப்பு பொய்த்துப்போயிற்று.

"மாட்டிக்கிட்டு நின்னா ஒரு பக்கந்தான் தேயும். இது நாலு பேடும் ஒண்ணுபோலத் தேஞ்சு கெடக்கு. யாரு ஓட்டுதா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"அக்கா, பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுதியளோ?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாவே. நான்தான் சொல்லிக்குடுத்தேன். எம் மருமவ ஒருநாளும் காலை எடுக்க மாட்டா" என்றார். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதான் அண்ணாச்சி, எப்பப் பாத்தாலும் ஒங்க வண்டி பின்னால செவப்பு லைட்டு எரியுது. நிக்கப் போறிய நிக்கப் போறியன்னு நெனச்சே நாங்க பின்னாலயே வருவோம்" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஊரெல்லாம் பார்த்திருக்கிறது. இத்தனை காலமாக எனக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்திருக்கிறது. என் கண்ணாடியில் சேலைக் கரை மட்டும் தெரிந்திருக்கிறது. நான் மாமாவைப் பார்த்தேன். இப்போதாவது அவருக்கு உறைத்திருக்கும் என்று நினைத்தேன். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

"எரியட்டும்வே. பேடு தேஞ்சா புதுசு வாங்கி மாட்டிக்கிடலாம். பிள்ள தேயக் கூடாதுல்லா" என்றார்.

இந்த மனிதரோடு நான் எப்படிச் சண்டை போடுவது? அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் பாடு எளிதாக இருந்திருக்கும். அவருக்கு என்மேல் பிரியம். அந்தப் பிரியத்தை வைத்தே என் மூச்சை முட்டவைக்கிறார். மகன் அங்கிருந்து தேயக் கூடாது என்கிறார், அப்பா இங்கிருந்து தேயட்டும் என்கிறார். இருவருமே என் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். பேடு இரண்டு பக்கமும் நெருக்க நடுவில் சுற்றுகிற டிஸ்க்கை மெக்கானிக் துடைத்துக்கொண்டிருந்தார். அதன்மேல் எனக்குத் திடீரென்று ஒரு சொந்தம் வந்துவிட்டது. அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வர, தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

திரும்பி வரும்போது பானெட்டின்மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியை மெக்கானிக் காட்டினார். "இது இப்பப் போட்டிருக்க அதே பேடு. மெத்துன்னு இருக்கும். தொட்டாப் பிடிக்கும், சத்தம் வராது. ஆனா இந்த ஓட்டுக்கு இதுவும் அம்புட்டுதான்."

"தொட்டாப் பிடிக்கும்னா அதையே போடும்" என்றார் மாமா.

நான் அடுத்த பெட்டியைக் கேட்டேன்.

"இது கெட்டிப் பேடு அக்கா. லேசுல தேயாது. டிஸ்க்கைக் கொஞ்சம் திங்கும். அதோட இது கத்தும். ஓங்கி மிதிச்சா ஒண்ணும் தெரியாது. லேசாத் தொட்டுக்கிட்டே வந்தா ஊரக் கூட்டிரும். பொறவு சத்தம் வருதுன்னு என்கிட்ட கொண்டாந்து நிக்கப்புடாது, இப்பமே சொல்லிட்டேன்."

லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் கத்தும். அதை அவர் ஒரு குறையாகத்தான் சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இத்தனை நாளும் நான் சொல்ல முடியாததை எனக்காக ஒரு இரும்புத் துண்டு சொல்லப்போகிறது என்று தோன்றியது.

"இதுவும் நல்லா நிக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நிக்கும். அதுல ஒண்ணும் பயமில்ல."

"அப்போ இதையே போடுங்க. மாமா, இது ரொம்ப நாள் உழைக்குமாம். ஒங்க மகன் சந்தோஷப்படுவாவ" என்றேன். மகன் பெயரைச் சொன்னால் மாமா எதற்கும் தலையாட்டுவார். ஆட்டினார்.

மறுநாள் புளியங்குடிக்குக் கிளம்பினோம். தெருமுனை திரும்பும் முன்பே முதல் பைய வந்தது. நான் சொன்னபடி கேட்கும் பிள்ளையாகப் பிரேக்கை லேசாகத் தொட்டேன். கிரீச்சென்று ஒரு அலறல். டீக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாமா பதறி, "பைய மக்கா!" என்றார். நான் இன்னும் கொஞ்சம் தொட்டேன். அது இன்னும் கொஞ்சம் அலறியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. சேலைக்கடைக்காரர் ஒருவர் குனிந்து ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வண்டிக்குள்ள பன்னிக்குட்டி ஏதும் அம்புட்டுக்கிட்டா?" என்று கேட்டார்.

ஊருக்குள் கௌரவமாக வாழ்ந்தவர் மாமா. பைய என்று சொன்னால் வண்டி கத்துகிறது, சொல்லாவிட்டால் கத்துவதில்லை என்று அவருக்குப் புரியச் சில நாட்கள்தான் பிடித்தது. அதற்குப்பிறகு எதிரே பஸ் வந்தால் "பை" என்று தொடங்கி, மிச்சத்தை எச்சிலோடு விழுங்கிவிடுவார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். காலைத் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் எடுத்து ஓங்கி மிதிக்கப் பழகினேன். பழகப் பழக வண்டி சாதுவாகிவிட்டது.

ஒருநாள் காரைக் கூட்டும்போது அவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த ரப்பர் விரிப்பை எடுத்து உதறினேன். அவருடைய வலதுகால் படும் இடத்தில் அது தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இல்லாத பிரேக்கை அவர் இத்தனை காலமும் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். வாய் மூடியபிறகும் மிதிக்கிறார். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தக் கெட்டிப் பேடை நான் மாற்றவில்லை.

அடுத்த தபசு வந்து போயிற்று. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, பேடு பாதிகூடத் தேயவில்லை என்றார். மாமா அன்றைக்கே தலைப்புச் செய்தியை வாசித்துவிட்டார்.

"பாத்தியா, இப்பத்தான் நீ ஒழுங்கா ஓட்டுத. டிரைவர்லாம் வேண்டாம். அப்பாவும் நீயுமே போய்ட்டு வாங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தது என்ன என்று போனை வைத்தபிறகுதான் யோசித்தேன். அதே கார், அதே சேலைக் கட்டு, நாலு விரல் காற்று, பக்கத்தில் மாமா. இனி அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க மாட்டார்கள்.

அந்த வாரம் திருவேங்கடத்துக்குப் போனோம். ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல் காடு. மக்காச்சோளம் அறுத்து முடித்திருந்தார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் ரோடு நேராகக் கிடந்தது. பஸ் இல்லை, ஆடு இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. மாமா கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். இப்படி ஒரு ரோட்டுக்காகத்தான் நான் அத்தனையும் செய்தேன். கண்ணாடியை முழுக்க இறக்கினேன். அவர் வேட்டியை இழுத்து முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டார். ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தலாம் என்று நினைத்தேன்.

கிரீச்சென்று வண்டி அலறியது.

குனிந்து பார்த்தேன். என் வலதுகால் பிரேக்கின் மேல் இருந்தது. எப்போது போய் உட்கார்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றியது, எடுக்க வரவில்லை. வண்டி கத்திக்கொண்டே உருண்டது.

மாமா பயந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே மக்கா" என்றார்.