அப்பா அசைந்த படம்

ஆவணப்படம் எடுக்கிறவர், விழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கிறவர் என்றெல்லாம் பிற்காலத்தில் என்னை மரியாதையாகச் சொன்னார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான் இருந்தது: வேலையில்லாதவன். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் கருப்பட்டி மொத்த வியாபாரம். நான் கடைக்குப் போகாமல், கையால் சுற்றும் பழைய சினிமா கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

கதையும் பாட்டும் இல்லாத நிஜப் படங்களை மட்டும் காட்டும் மூன்று நாள் விழா நடத்துவதென்று தீர்மானித்தேன். தேர்வுக் குழுவில் நான் ஒருவன்தான். ஆகவே கருத்து வேறுபாடு கிடையாது. ரயில் பாலம் கட்டுவது, பொன்முடியில் தேயிலை கிள்ளுவது, சுத்தமாகப் பால் கறப்பது என்று இரவல் படங்கள் சேர்ந்தன. பால் படத்தில் மாடு நன்றாக நடித்திருந்தது. என்னுடையதாகவும் ஒன்று வேண்டுமே? சாலைக் கடைத்தெருவைப் படமெடுக்கப் போகிறேன் என்றேன்.

அப்பா ஒரே நிபந்தனை வைத்தார்.

"எலே, நீ எடுக்க படத்தப் பாத்து ஊரு சிரிச்சுதுன்னா, மறுநாளே கடையில வந்து இருந்துரணும். அப்புறம் கேமரா கீமரான்னு பேசப்பிடாது, கேட்டியா?"

தலையாட்டினேன். ஆயுள் முழுக்கக் கருப்பட்டி மூட்டைக்குப் பக்கத்தில் உட்காருவதைவிட எனக்குப் பெரிய தண்டனை கிடையாது.

சொல்லி வைத்த நாள் காலையில் போனால் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மூட்டைகளை உள்ளே தள்ளி, வாசலைக் கழுவிவிட்டு, பட்டு அங்கவஸ்திரமும் பளிச்சென்ற விபூதியுமாக அப்பாவையும் சேர்த்து வியாபாரிகள் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த படமெல்லாம் போட்டோ ஸ்டுடியோவில் எடுப்பது. மூச்சு விட்டாலும் முகம் கலங்கிவிடும் என்று அங்கே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் கைப்பிடியைச் சுற்றியதும் பன்னிரண்டு பேரும் சிலையானார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் அசையணும்! பேசுங்க, எடை போடுங்க!"

பக்கத்துக் கடை அண்ணாச்சி உதடு பிரியாமல் பதில் சொன்னார்: "அசைஞ்சா கெட்டுப் போவும்லா? நீ எடுடே."

அவர் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்து நடந்தது. அந்தத் தெருவில் எனக்கு ஒத்துழைத்த ஒரே ஜீவன் அதுதான். என்னிடமோ இருந்தது ஒரே படச்சுருள். பாதி தீர்ந்ததும் எரிச்சலில் ஒரு பொய் சொன்னேன்.

"முடிஞ்சாச்சு அண்ணாச்சி. மிச்சச் சுருளச் சும்மா சுத்தித் தீக்கேன், படம் விழாது. நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் முழக்கோலால் முதுகைச் சொறிந்தார். நடுவில் நின்றது யார் என்று இருவர் சண்டை பிடித்தார்கள். மூட்டைகள் வெளியே வந்தன. நான் கேமராவை அங்குமிங்கும் திருப்பிச் சுற்றிக்கொண்டே இருந்தேன். எதை எடுக்கிறேன் என்று நானே சரியாகக் கவனிக்கவில்லை.

மதராசில் கழுவிய சுருள் விழா நாள் மதியம்தான் வந்து சேர்ந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லை. தேர்வுக் குழு பார்க்காமலே தேர்ந்தெடுத்தது.

பள்ளிக்கூட ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா முதல் பெஞ்சில். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அப்பாவுக்கு நீரிழிவு. ஆறு மாதமாக இனிப்பே கூடாது என்று வைத்தியர் உத்தரவு. அவர் ஏங்கிவிடக் கூடாதென்று அம்மாவும் கருப்பட்டிக் காப்பியை விட்டிருந்தாள்.

விளக்கை அணைத்தோம். திரையில் பன்னிரண்டு சிலைகள்.

"மெஷின் கேடாயி!" என்று, படம் நின்றுவிட்டதாக நினைத்துக் கத்தினார் ஒரு மலையாளக் குமாஸ்தா.

"இல்லா, ஈச்ச நடக்குன்னு!" என்று அண்ணாச்சி மூக்கில் நடக்கும் ஈயைக் காட்டினார் இன்னொருவர்.

சிரிப்பு கிளம்பிவிட்டது. நான் ஒழிந்தேன் என்று நினைத்தேன். அதற்குள் சிலைகள் மூச்சு விட்டன. முழக்கோல் முதுகுக்குப் போயிற்று. பிறகு அப்பா வந்தார். மூட்டைக்குப் பின்னால் குனிந்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் கருப்பட்டியை வாயில் போட்டார். சரக்கை ருசி பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான்; நாக்கு நுனியில் ஒரு பொடி வைத்துத் துப்பிவிடுவார்கள். அப்பா துப்பவில்லை. கண்ணை மூடிச் சப்பினார். கை மறுபடி மூட்டைக்குள் போயிற்று.

"ஒண்ணு," என்றது பெண்கள் பக்கத்தில் அம்மாவின் குரல். "ரெண்டு."

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"மூணு. ஏங்க, அது என்ன, நாலா?"

அவ்வளவுதான். பெஞ்சுகள் ஆடின, மாடு நடித்த படத்துக்குக்கூட அப்படிக் கைதட்டு இல்லை. நானும் சிரித்தேன். பிறகு முதல் பெஞ்சில் அப்பா குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் அன்றைக்கு அம்மா அவரோடு பேசவே இல்லை.

வாக்குக் கொடுத்தாயிற்றே. மறுநாள் காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அழாத குறையாகக் கடைக்குப் போனேன். மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த அப்பா முதலில் என் கையைப் பார்த்தார். கேமரா இல்லை. பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்குலே வந்த?"

"ஊரு சிரிச்சுதுல்லாப்பா. சொன்னபடி வந்துட்டேன்."

"நீ படமே எடுத்துக்கிட்டுத் திரி. மதராசுக்குப் போ, பம்பாய்க்குப் போ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இப்பிடிக் கண்ணுள்ள பயலக் கடையில வச்சுக்கிட்டு நான் எப்பிடிலே பொழைக்கது?"