உவர் என்று நான் எழுதிய காணி

மண்ணுக்குப் பெயர் வைப்பது என் தொழில். சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரியா என்று கேட்பார்கள். ஓம், ஏறத்தாழ அப்படித்தான், வைத்த பிறகு மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டுவிப்போம். அதன் சுவரில் மேலிருந்து கீழ்வரை எத்தனை படை, எத்தனை அடுக்கு என்று பார்ப்போம். ஒவ்வொரு படையின் நிறத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு, மண்ணை நனைத்து விரலில் உருட்டி, உப்பைக் கருவியில் அளந்து, அந்தப் பகுதியின் பழைய மழைப் பதிவுகளையும் ஆவியாகும் நீரின் கணக்கையும் பக்கத்தில் வைத்து, இது இன்ன மண் என்று எழுதுவோம். எத்தனையோ குழிகளில் இறங்கி ஏறியிருக்கிறேன். முந்தல் என்ற ஊருக்கு மேற்கே வெட்டிய ஒரு குழி மட்டும் என்னை விட மாட்டேன் என்கிறது.

கடல் நீர் ஏறி நிற்கிற களப்பை ஒட்டி அரச காணி ஒரு பெரிய துண்டு கிடந்தது. அதை வரைபடத்தில் சேர்க்க வேண்டும். எங்களுக்கு எப்போதும் காசும் ஆட்களும் பற்றாது, ஆகவே முழுத் துண்டுக்கும் ஒரு குழிதான் ஆதாரம். குழிக்கு நான் குறித்த இடம் ஒரு பெண்ணின் இரண்டு ஏக்கருக்குள் விழுந்தது. மாப்பிள்ளை மௌத்தாகி, விதவையாய் மகளோடு தனியாக இருந்தார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வருடா வருடம் புதுப்பிக்கிற அனுமதிப் பத்திரத்தில், பேமிட்டில், அந்தக் காணியைப் பிடித்துக்கொண்டு, அறுபது தென்னங்கன்று நட்டிருந்தார். நிரந்தர உறுதிப் பத்திரம் கேட்டு அரசாங்கக் காணிக் கந்தோருக்கு மனுப் போட்டிருந்தார். மண் தென்னைக்கு உகந்தது என்று வந்தால்தான் உறுதி கிடைக்கும். முதல் நாளே இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டார்.

"மண்ணு நல்லதெண்டு வந்தா, எனக்குப் பொறகு மகளுக்கு நிக்க ஒரு இடம் இரிக்கும் மிஸ்."

சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற மாதம். கூலியாட்கள் குழியை வெட்டி முடித்த அன்றே ஜீப் மதுரங்குளிச் சந்தியில் படுத்துவிட்டது. வெட்டிய குழியை அன்றைக்கே பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. நான் திரும்பிப் போக ஏழு நாள், ஒரு கிழமை ஆனது. போனபோது உச்சி வெயில். ராத்தா பிளேன்டீ கொண்டுவந்து தந்துவிட்டு மரத்தடியில் நின்றார். அவ்வளவு தளர்ந்த மணலில் வெட்டிய குழி ஒரு கிழமை கழித்தும் சரியாமல் நின்றது. நல்லதாய்ப் போச்சு என்று இறங்கினேன். என் மூளை எங்கே மேயப் போயிருந்ததோ தெரியாது.

சுவரில் ஈரம் இருந்தது. மழையே இல்லாத மாதத்தில் ஏன் ஈரம் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். யோசித்தேன், பிழையாக யோசித்தேன். கீழே உப்பு நிலத்தடி நீர் இருக்கும், அது மேலே ஊறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவரை ஒரு சாணாவது உள்ளே வெட்டிப் பிறகு மண் எடுக்க வேண்டும். இடிந்து தலையில் விழுமோ என்ற பயத்தில் மேலால் மட்டும் சுரண்டி எடுத்தேன். கருவியில் உப்பு எக்கச்சக்கமாகக் காட்டியது. எங்கள் கந்தோரில் மழைப் பதிவுகளை விரித்தேன். ஆண்டில் பெய்வதைவிட ஆவியாவது அதிகம். மழை குறைவு, வெயில் கூட, களப்பு பக்கத்தில், சுவரில் ஈரம், ஈரத்தில் உப்பு. எல்லாம் ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்தினால் எனக்கு ஒரு மிதப்பு வரும். அன்றும் வந்தது. அறுபது கன்றும் பச்சைப் பசேலென்று நிற்பதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். குறிப்பேட்டில் அதற்கும் ஒரு சாட்டு எழுதினேன்: புதிதாக நட்டவை, பாதிப்பு இனித்தான் தெரியும். படிவத்தில் காணிக்காரர் சொன்னது என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு, உவர் மண், பயிருக்கு உகந்ததல்ல என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் என் கை இல்லை என்று சொல்லத்தான் ஆசை. பயிருக்கு ஆகாத நிலம் என்று வரைபடத்தில் வந்ததும், ராத்தாவின் காணியைச் சுற்றிக் கிடந்த முழுத் துண்டும் இறால் பண்ணைக்குக் குத்தகையாகப் போனது. பெக்கோ இயந்திரங்கள் வந்து தொட்டி தொட்டியாக வெட்டின. களப்புத் தண்ணீரை மோட்டார் போட்டு இழுத்து நிரப்பினார்கள். ராத்தாவின் மனுவுக்குப் பதில் இல்லை. வருட பேமிட்டை மட்டும் இன்னும் யாரும் பறிக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வேறு அலுவலாகக் காணிக் கந்தோருக்குப் போனபோது, ராத்தா விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எல்லாரும் என் மண்ணை உப்பு உப்பு என்கிறார்களே, அந்த நேரம் என் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடித்தோமே மிஸ், எப்படி உப்பாகும் என்று கேட்டார். குழியில் உப்பு இருந்தது, நானே அளந்தேன் என்றேன்.

"குழிக்கு ஊத்தினது வாய்க்கா தண்ணி மிஸ். நீங்க வார வரைக்கும் சரிஞ்சிரப் போகுதுண்டு நானும் மகளும் ஒவ்வொரு நாளும் ஊத்தினோம். நல்ல தண்ணிய தென்னங்கண்டுக்கு வச்சிட்டு, வெறும் குழிக்கித்தானேண்டு உப்புத் தண்ணிய ஊத்தினோம்."

மணலைத் தெரிந்த எவரும் செய்வதைத்தான் அந்த இரண்டு பெண்களும் செய்திருக்கிறார்கள். காய்ந்த மணல் நிற்காது, நனைத்தால் நிற்கும். கிணறு வற்றுகிற மாதத்தில் நல்ல தண்ணீரை யாராவது குழியில் கொட்டுவார்களா? களப்பிலிருந்து வரும் வாய்க்காலில் இருந்து குடம் குடமாகச் சுமந்து, கந்தோர் மிஸ்ஸின் குழியைப் பத்திரமாகக் காத்திருக்கிறார்கள். நான் மரத்தடியில் நின்றவரைப் பார்த்து இந்த ஈரம் எப்படி வந்தது ராத்தா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்ப வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பப் பார்க்க அனுமதி எடுக்க மாதக்கணக்கானது. ஒரு தரம் முடித்த குழியை ஏன் கிளறுகிறாய் என்று மேலதிகாரி கேட்டார். பிழை விட்டேன் என்று வாயால் சொல்ல எனக்கு இரண்டு தரம் போக வேண்டியிருந்தது. கடைசியில் கைத்துளைப்பானோடு போய் இறங்கினேன். இந்த முறை ஒரு இடத்தில் இல்லை, காணி முழுக்க ஆறு இடத்தில் துளைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு மீற்றருக்குக் கீழே போய் எடுத்த மண். அந்த இடத்திலேயே கரைத்து அளந்தேன். ஆறிலும் உப்பு. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டேன், துப்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று திசையிலும் இறால் தொட்டிகள் விளிம்பு வரை நிரம்பி நின்றன. அறுபது கன்றில் பாதிக்கு மேல் ஓலை நுனி கருகியிருந்தது.

கருவியை நான் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்திலேயே விளங்கியிருக்க வேண்டும். ராத்தா பக்கத்தில் வந்து குந்தினார். தான் ஊற்றிய வாய்க்கால் தண்ணீரால்தான் காணி முழுக்க உப்பாகிவிட்டதா என்று தணிந்த குரலில் கேட்டார். இத்தனை மாதமும் அந்தப் பெண் அதை நினைத்து நினைத்துப் படுத்திருக்கிறார். இல்லை என்றேன். நான் உவர் என்று எழுதினேன், எழுதியதால் சுற்றியுள்ள காணியைத் தொட்டி வெட்டக் கொடுத்தார்கள், தொட்டித் தண்ணீர் ஊறி உங்கள் மண் உப்பானது, உங்கள் குடத்துத் தண்ணீர் ஒரு மாரி மழைக்கே கழுவுப்பட்டுப் போயிருக்கும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தொட்டி வரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதையும் எழுதுங்க மிஸ். முந்தி உப்பு இல்லண்டு எழுதுங்க."

நிலம் கெட்டது தன்னால் அல்ல என்று ஒரு தாளில் இருந்தால், மாற்றுக் காணியாவது கேட்கலாம் என்று அவர் நினைத்தார். அது சரியான நினைப்பு. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதல் ஆய்வில் குழிச் சுவர் வாய்க்கால் நீரால் நனைக்கப்பட்டிருந்தது, மண் அப்போது உவர் அல்ல, பிற்பாடு அயல் தொட்டிகளால் உவரானது என்று ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வாசித்தும் காட்டினேன். மகளையும் கூப்பிட்டு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

எங்கள் கந்தோரில் மேலதிகாரி அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆறு இடத்து அளவையும் சரிபார்த்து, பழைய வகைப்பாடு உறுதிப்படுத்தப்பட்டது என்று குறித்தார். அந்தக் கடைசி வரிகளுக்கு வந்ததும் பேனையை நிறுத்தி, முந்தி உப்பு இருக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். காணிக்காரர் சொன்னது என்றேன். அது பழைய படிவத்தில் உண்டா என்றார். பிறகு கோப்பைப் புரட்டி, முதல் குழியின் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். உப்பு, படைவாரியாக, என் கையெழுத்தில். அந்த மண் முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல உலகத்தில் இருக்கிற ஒரே தாள் அதுதான். காணிக்காரர் சொன்னது என்ற கட்டத்தில் நான் இழுத்த கோடு கிடந்தது. அவர் என் புது அறிக்கையின் அந்தக் கடைசி வரிகளை ஒரு கோடு போட்டு வெட்டினார்.

அடுத்த கிழமை ராத்தா போன் எடுத்து, எழுதினதைக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"ஓம் ராத்தா, எழுதிக் குடுத்திட்டன்," என்றேன். வெட்டியதைச் சொல்லவில்லை. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான் மிஸ் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.