திருவிருந்துக்கு எழாதவன்

விடியற்காலை 5.10. இரணியல் ரயில் நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது, மழையில் நனைந்த நடைமேடையில் சுருண்டு கிடந்த ஒரு நாய். மதுரையிலிருந்து வந்த ரயிலை விட்டு என்னுடன் நான்கு பேர் இறங்கினார்கள்.

நான் வந்தது மாப்பிள்ளை விசாரிக்க. அக்கா மகள் ரூத்துக்கு, திற்பரப்பு அருவிக்கு மூன்று கிலோமீட்டர் இந்தப் பக்கம் உள்ள ஊரிலிருந்து ஜெபின் என்றொரு வரன். ரூத்துக்குப் பிடித்துவிட்டது. அக்காவுக்குப் புகைப்படத்தில் நம்பிக்கை இல்லை. "நீ பாத்துட்டுச் சொல்லு, அதுதான் முடிவு" என்று அனுப்பினாள். பத்திரிகையில் பல வருடம் இருந்தவன் என்பதால் விசாரிப்பது எனக்குப் பழகிய வேலை.

தக்கலைக்கு ஆட்டோ, 120 ரூபாய். அங்கிருந்து குலசேகரத்துக்குப் பேருந்து. குலசேகரத்தில் இன்னொரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் தாசனுக்கு ஐம்பது வயதிருக்கும். அருவி பார்க்கப் போவதாகவும், வழியில் ஆராதனைக்கு இறங்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"குளிக்க வாறவிய தேச்ச சட்டையும் பைபிளுமா வந்து நான் கண்டதில்ல சார்" என்று சிரித்தார். நான் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

7.40. ஆலயத்துக்கு எதிரே டீக்கடை. டீ 12 ரூபாய். கடைக்கார அம்மாளிடம் பேச்சுவாக்கில் ஜெபினைப் பற்றிக் கேட்டேன். "தங்கமான பயலாக்கும்" என்றார். பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவரிடம் கேட்டேன். "தங்கமான பய." இரண்டு சாட்சிகள் ஒரே வார்த்தையைச் சொன்னால், அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்பது என் பழக்கம்.

8.30. மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால், அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து இருந்தது. ஆண்கள் பக்கம் முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் உயரமான ஒருவர், பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே கணீரென்று பாடினார். மாப்பிள்ளை அவராக இருந்திருந்தால் அங்கேயே அக்காவை அழைத்திருப்பேன். புகைப்படத்தில் பார்த்திருந்த ஜெபின் கடைசி வரிசையில், கசங்கிய சட்டையில் இருந்தான்.

போதகர் அழைத்ததும் வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்காலிட்டார்கள். முதலில் போனவர் வெள்ளை வேட்டிக்காரர். நானும் போனேன். திரும்பி வரும்போது ஆண்கள் பக்கம் எழாமல் இருந்தவன் ஒருவன்தான். ஜெபின்.

திருவிருந்து எடுக்க உரிமை தரும் திடப்படுத்தல் பெற்றவன், கல்யாண வயதில், சபையே பார்க்க உட்கார்ந்திருக்கிறான். குடியா? வேறு பெண்ணா? சபை இவனை விலக்கி வைத்திருக்கிறதா? போதகரின் ஜெபம் என் காதில் விழவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவனே வந்தான்.

"ரூத்துக்க மாமா இல்லியா?"

"எப்படித் தெரியும்?"

"அருவி பாக்க வந்த ஆளு என்னையே பாத்துட்டு இருந்தா தெரியாதா மாமா?"

தாசன் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். நேராகவே கேட்டேன், ஏன் எழவில்லை என்று.

"அப்பாக்க அடக்கத்தன்னைக்கு அண்ணன ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். சொல்லியிருக்கப்பிடாது. அதுக்குப் பெறவு பேச்சு இல்ல. அது தீராம எப்படி திருவிருந்து மேசைக்குப் போவ?"

வாசலில் போதகரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்த வெள்ளை வேட்டிக்காரரைக் காட்டினான். அவர்தான் அண்ணன்.

நல்ல காரணம். நல்ல காரணம் சொல்லத் தெரிந்த பலரை நீதிமன்றத் தாழ்வாரங்களில் பார்த்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் தாசனிடம் அந்த அண்ணன் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

"மாசாமாசம் திருவிருந்துக்கு முந்தின நாளு எனக்க வண்டியிலதான் அண்ணனுக்க வீட்டுக்குப் போவான். நேத்தும் போனான். மூத்தவரு ஜன்னல்ல பாத்துட்டு உள்ள போயிருவாரு. கதவு தொறக்க மாட்டாரு. எனக்கு வெயிட்டிங் காசுகூடத் தேறாது."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அருவிய இல்லியா கேட்டிய?"

12.15. தக்கலைப் பேருந்து நிலையத்திலிருந்து அக்காவை அழைத்து, பார்த்ததையும் கேட்டதையும் சொன்னேன்.

"எல்லாரும் போனாங்க, இவன் மட்டும் போகலையா?"

"ஆமா."

"அண்ணன்காரன் திருவிருந்து எடுத்தானா?"

"எடுத்தார்."



"சரி, பொண்ணு பாக்க வரச் சொல்லு. அண்ணனையும் கூப்பிட்டுட்டு வரச் சொல்லு."

அடுத்த மாதம் மதுரைக்கு ஆறு பேர் வந்தார்கள். அண்ணன் வரவில்லை.