விலாவுக்குள் தண்ணீர்ச் சத்தம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் டிரங்க் கால் ஆபரேட்டர். வாய்தான் எனக்குச் சோறு போட்டது. போன வருடம், எண்பத்தொன்பதில் ஒருநாள், "வெயிட் பண்ணுங்க சார், திருச்சி லைன் கிடைச்சதும் கூப்பிடறேன்" என்ற வழக்கமான வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. திருச்சியிலேயே காற்று தீர்ந்துவிட்டது. "என்னம்மா, மாடி ஏறி வந்தீங்களா?" என்றார் மறுமுனையில் இருந்தவர். நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்பே மார்பகப் புற்றுநோய்க்காக எனக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தது. ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே நீர் சேர்வது) என்றார் டாக்டர். மேற்கொண்டு பேச என் கணவரை வெளியே அழைத்தார்.

"என் உடம்பு சார். எனக்கும் சொல்லுங்க" என்றேன்.

புற்று அந்தச் சவ்வுக்குப் போயிருக்கிறது என்று சொன்னார். கேட்டிருக்க வேண்டாமோ என்று அன்று தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை.

ஸ்டூலில் உட்காரவைத்து, மேசைமேல் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லி, முதுகு வழியாக ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். பால் விடாத டீ நிறத்தில் பாட்டில் நிறைந்தது. விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் என் வாய் ஓயவில்லை. "ஆபரேட்டர் டியூட்டிக்கு வந்தாச்சு" என்று கணவர் கேலி செய்தார். எனக்குச் சிரிக்கவும் மூச்சு இருந்தது.

என்னைப் பார்த்துக்கொள்ள ஊரப்பாக்கத்திலிருந்து கணவரின் மூத்த சகோதரி சரோஜா அக்கா வந்தார். தங்கமான மனுஷி. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்.

"உள்ள நீர் கோத்துகினு கீதுன்னா, தண்ணிய கொறைக்கணும். இது தெரியாதா இன்னா? இம்மாம் தண்ணி குடிச்சா அதுவும் அங்கதானே போயி நிக்கும்?"

மோர் நின்றது. இளநீர் நின்றது. ரசம் போய்த் துவையல் வந்தது. தலைக்குக் குளிக்கவே கூடாது. பார்க்க வந்தவர்கள் வாங்கிவந்த சாத்துக்குடியைக்கூட அக்கா அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். சளி பிடித்த குழந்தைகளுக்கு நம் வீடுகளில் செய்வதுதானே என்று எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது, குணமாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சில நாட்களில் மூச்சு மறுபடி குறைந்தது. இருமினால் சளி பசைபோல் தொண்டையில் நின்றது. கூடவே அந்தச் சத்தமும் வந்தது. புரண்டு படுத்தால் வலது விலாவுக்குள் 'களக்' என்று கேட்கும். அரைக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடந்தால் கேட்குமே, அது. முதலில் வயிறு என்று நினைத்தேன். இல்லை, மேலே இருந்துதான் வந்தது. விமானம் தாழ்வாகப் பறந்து ஜன்னல் அதிரும்போதெல்லாம் எனக்குள்ளும் ஏதோ அசைவதுபோல் இருந்தது. என் உடம்புக்குள் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று பயந்தேன். செத்துப்போவதைவிட அதற்குத்தான் அதிகமாகப் பயந்தேன்.

கணவர் விலாவில் காதை வைத்துக் கேட்டார். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று அசையாமல் கிடந்தேன். அசைந்தால்தான் அது கேட்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "ஒண்ணும் இல்லம்மா. நீ ரொம்ப யோசிக்கற" என்றார். அக்கா திருநீறு பூசி, தலையணைக்கு அடியில் வேப்பிலை வைத்தார். அதற்குப் பிறகு நான் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை. படுக்கையில் புரளுவதையும் நிறுத்திவிட்டேன்.

மூச்சுத் திணறல் முற்றி அக்காவோடு டாக்டரிடம் போனபோது, போகிற போக்கில்தான் சொன்னேன். "சிரிக்காதீங்க சார். உள்ள தண்ணி ஆடற சத்தம் கேக்குது."

அவர் சிரிக்கவில்லை. என் முதுகில் காதை வைத்து, இரண்டு தோள்களையும் பிடித்து மெல்லக் குலுக்கினார்.

"எனக்கும் கேக்குதும்மா" என்றார்.

அழுதுவிட்டேன். அதைவிட நல்ல வார்த்தையை எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

ஹைட்ரோ நியூமோதோராக்ஸ் (சவ்வுகளுக்கு நடுவே நீரோடு காற்றும் சேர்ந்துகொள்வது) என்று விளக்கினார். நீரை எடுத்த பிறகு விரிந்திருக்க வேண்டிய நுரையீரல் சுருங்கியே கிடக்கிறது. காலியான இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. பிறகு என் நாக்கைப் பார்த்தார். "தண்ணி குடிக்கிறீங்களா?"

"அளவாத்தான் சார் குடுக்கறேன். ஒரு வாய் கூட அதிகம் குடுக்கறதில்ல" என்றார் அக்கா பெருமையாக.

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, அந்த நீர் குடிக்கிற தண்ணியால வர்றதில்ல. வியாதியால வருது. தண்ணி கொறைஞ்சா சளி கெட்டியாயி நுரையீரலை அடைச்சுக்கும். விரிய விடாது."

 அக்கா வெளியே போய்க் குழாயடியில் ஒரு டம்ளர் பிடித்து வந்தார். நீட்டிய அவசரத்தில் பாதி என் புடவையில் கொட்டியது. "குடி வசந்தா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதேயில்லை. கோபம் எனக்கு வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன்.

விலாவுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகி, கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். நான் இருமும்போதெல்லாம் அந்தப் பாட்டிலில் குமிழ் வரும். அது உள்ளே இருந்த காற்று வெளியேறுவது. நுரையீரல் விரிவதற்காகப் பலூன் ஊதச் சொன்னார்கள். அக்கா எதிரே உட்கார்ந்து தானும் ஒன்றை ஊதுவார். அவருடையது முதலில் பெரிதாகிவிடும், உடனே காற்றை இறக்கிவிடுவார். 

நுரையீரலின் மேல்பகுதி விரிந்தது. அடிப்பகுதி விரியவில்லை. "இனி அது திறக்காது. நீரும் திரும்ப வரலாம். எப்போன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

இதே வழியில் நடப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். எதைக் குடிக்கலாம், எது கூடாது என்று டாக்டரிடமே கேளுங்கள். பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று பயந்து, உடம்பு போடும் சத்தத்தை மறைக்காதீர்கள்.

நீர் இன்னும் திரும்பவில்லை. அடுத்த வருடம் என்ற பேச்சை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. காலையில் கண் விழித்ததும் எழமாட்டேன். படுத்தபடியே மூச்சை மெல்ல இழுத்து, எதுவரை போகிறது என்று பார்ப்பேன். நேற்றுப் போன தூரம் போனால், இன்று ஒரு நாள் எனக்கு உண்டு.

இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். போன வாரம்தான் கவனித்தேன். நான் இழுக்கத் தொடங்கியதும், பக்கத்தில் தூங்குவதாக நான் நினைத்திருந்த கணவரின் மூச்சு நின்றுவிடுகிறது. கண் மூடியிருக்கிறது, நெஞ்சு அசையவில்லை. நான் விட்ட பிறகுதான் அவர் விடுகிறார்.

அன்று நான் எதுவரை போகிறது என்று பார்க்கவில்லை. அவர் மூச்சு விடட்டும் என்று பாதியிலேயே விட்டுவிட்டேன்.