பாரில் சுற்றிய துவாய்

காலை ஏழரை தாண்டி சிட்னி சென்ட்ரலில் ரயில் ஏறினேன். மெல்பேர்னுக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பதினொரு மணித்தியாலம். விமானம் ஒன்றரை மணித்தியாலத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அவ்வளவு சீக்கிரம் போய்ச்சேர எனக்குத் துணிவில்லை.

மெல்பேர்னில் டார்னெய்ட்டிலிருந்து அண்ணி அழைத்திருந்தார். அண்ணாவுக்கு ஞாபகம் கரைகிற வருத்தம். இப்போது தினமும் பின்னேரம் நாலரைக்குச் சைக்கிளோடு வெளிக்கிடுகிறாராம். கேட்டால், தங்கச்சியை ரியூசனிலிருந்து ஏற்ற வேண்டும் என்கிறாராம். அண்ணாவின் மகன் ரயர்களின் காற்றைத் திறந்துவிட, உருட்டிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார். "நீ வந்து எங்கடை தெரு மூலையிலை நில். உன்னைக் கண்டால் நிப்பாட்டுவார்," என்றார் அண்ணி. அந்தத் தங்கச்சி நான்தான்.

பத்து மணிபோல கோல்பேர்ன். பக்கத்தில் இருந்தவர் மதுரைக்காரர், கெல்லிவில்லில் வீடு. அவர் கதை கேட்க, அண்ணா சைக்கிள் பழகியதைச் சொன்னேன்: அப்பாவின் உயரமான சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு, அரைப்பெடல்.

"நாங்க குரங்குப் பெடல்னு சொல்லுவோம் ஆன்ட்டி. முட்டியில இன்னும் தழும்பு இருக்கு," என்று காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் தூங்கியபின் மிச்சத்தை யன்னலுக்குச் சொன்னேன். பாரில் இருந்தால் எனக்கு நோகுமென்று அண்ணா துவாய் சுற்றிக் கட்டுவார். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம். மாப்பிள்ளையும் சைக்கிளில், நோயாளியும் சைக்கிளில். ஷெல் விழுந்த நாளிலும் ரியூசன் வாசலில் நின்றார். எனக்கென்று ஒரு சைக்கிள் வந்தபின், எதிர்காற்றில் பக்கத்தில் உழக்கிக்கொண்டே என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவார். இடம்பெயர்ந்தபோது அண்ணாவின் சைக்கிளில் அரிசி மூட்டை; அவர் உருட்ட, நான் கரியரைப் பிடித்தபடி நடந்தேன்.

அன்றிரவு போய்ச்சேர்ந்தபோது அண்ணா படுத்துவிட்டார். மறுநாள் அவர் கண்ணில் படாமல் இருந்து, நாலரைக்கு மூலையில் நின்றேன். வந்தார். சப்பை ரயர்கள் தெருவில் சளக் சளக்கென்றன. பாரில் நீலத் துவாய், ஊரில் கட்டிய அதே முடிச்சு.

"அண்ணா, நான் வந்திட்டன்."

மரியாதையாகச் சிரித்தார். "இல்லை அன்ரி, அவ சின்னப்பிள்ளை. ரெட்டைப் பின்னல்." என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "வகுப்பு விட்டிட்டினமோ?"



"ஓம் தம்பி. அவ வீட்டை போயிட்டா."

அவர் முகம் வெளிறியது. "ஆரோடை?"

"தமையனோடைதான். பாரிலை இருந்து போனவ."

நெஞ்சிலிருந்து மூச்சு இறங்கியது. "அப்ப சரி," என்று சைக்கிளைத் திருப்பினார். எதிர்காற்று. முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திரும்பும் ரயில் கோல்பேர்னைத் தாண்ட அண்ணி அழைத்தார். இன்றும் வெளிக்கிட்டாராம். "நான் போய் நிண்டு, நீ சொன்னதையே சொன்னனான். அப்ப சரி எண்டிட்டு வந்திட்டார்."

இனி அண்ணிக்கு அது தினசரி வேலை.

சிட்னியில் ரயில் மாறி, பென்டில் ஹில்லில் இறங்கினேன். வீடு பத்து நிமிட நடை. ஸ்டேஷன் வாசலில் ஒருவரும் இல்லை. என்னை ஏற்ற வந்தவர் இன்னும் அந்த ரியூசன் வாசலிலேயே நிற்கிறார்; நான்தான் அவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.