வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்குப் போட்ட ரிலீஸ்

சனிக்கிழமை மதியம் தேனியில் எம்.சி.ஏ. வகுப்பு முடிந்து போனை எடுத்துப் பார்த்தேன். முருகேசன் சாரிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்:

"மாலதி, நேத்து என்னத்த மாத்துன?"

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போடியில் எங்கள் ஆபீஸ் சின்னது, சாரையும் சேர்த்து ஐந்து பேர். மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். டிரையருக்குள் இருக்கும் சென்சார் சூட்டை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு தாண்டினால் ஸ்டோர்காரரின் போனுக்கு அலாரம் கால் போகும். சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள்.

வார நாட்களில் இந்த வேலை, சனிக்கிழமை வகுப்பு, மாலை ஐந்து மணிக்கு வாலிபால். டீமில் அடிக்கிறவர்களுக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கும் செட்டர் நான்தான். நான் பந்து விளையாடுவது சாருக்குத் தெரியாது. நான் படிப்பது எங்கள் கேப்டன் ஜெயராணிக்குத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் "முடிச்சுர்றேன்" என்று சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை சாரிடமும் அப்படித்தான் சொன்னேன். போன் நம்பர்களைச் சரிபார்க்கும் பகுதியை மாற்றி எழுதி, என் நம்பரை மட்டும் போட்டு டெஸ்ட் செய்தேன். கால் வந்தது. நாலே முக்காலுக்கு எல்லா ஸ்டோருக்கும் போகும்படி ரிலீஸ் போட்டுவிட்டு கிரவுண்டுக்கு ஓடினேன். முன்னால் பூஜ்ஜியம் சேர்த்துப் பதிந்திருந்த நம்பர்களை எல்லாம் நான் எழுதிய புரோகிராம் 'தவறு' என்று சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. போடிமெட்டுக்கு மேலே ஒரு ஸ்டோரின் நம்பரும் அதில் இருந்தது. மறுநாள் காலை அங்கே சூடு ஏறியது. அலாரம் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் ஜீப்பில் மலையேறினோம். அன்று மாலை நாலு மணிக்கு எங்களுக்கு மேட்ச் இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் கருப்பசாமி அண்ணன் சத்தம் போடவில்லை. தரையில் இரண்டு குவியலைக் காட்டினார். ஒன்று பச்சை. இன்னொன்று வைக்கோல் நிறம்.

"இது எட்டுப் பொம்பளைக மழையில நின்னு எடுத்த காயி, தங்கச்சி. போனு அடிக்கும்னு நம்பி நான் சாப்பிடப் போயிட்டேன்."

"என் தப்புதான்ணே. ஒரே ஒரு நம்பர்ல பாத்துட்டுப் போட்டுட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, ஆகட்டும். சோலியப் பாரு."

லேப்டாப்பை மூட்டை மேல் வைத்துச் சரிசெய்தேன். சென்சாரைக் கழற்றி, அவர் கொடுத்த, பால் விடாத சூடான கட்டஞ்சாயா டம்ளரோடு ஒட்டிப் பிடித்தேன். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அடிக்குது. இனிமே நம்பலாமா?"

"ரெண்டு நாளைக்கு நீங்களும் கண்ணு வச்சுக்கங்கண்ணே. நாளைக்கு எல்லா ஸ்டோருக்கும் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்துட்டு நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

இறங்கும்போது ஜீப்பில் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வாலிபால் உட்பட. "விளையாட்ட விட்டுர்றேன் சார்."

"நல்லது. விட்டுரு," என்றார்.

அவர் வேண்டாம் என்று தடுப்பார் என எதிர்பார்த்திருந்தேன் போல. வளைவு மேல் வளைவாக ஜீப் இறங்க, நான் வெள்ளிக்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மலையடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் வாயைத் திறந்தேன்.

"சார், நான் சொன்னது தப்பு. விளையாடப் போனதால காய் கெடல. அஞ்சு மணிக்குப் போகணும்னு உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு, சரியா டெஸ்ட் பண்ணாமப் போட்டேன். அதான் தப்பு. ரிலீஸ திங்கக்கிழமை காலையில வச்சுக்கலாம். நான் எட்டு மணிக்கே வந்துர்றேன். வாரம் மூணு நாள் மட்டும் நாலே முக்காலுக்குக் கிளம்பணும். பரீட்சை வாரத்துல அரை நாள் லீவு வேணும்."

சார் என் பக்கம் திரும்பினார். "மூணு மாசம் பாப்போம். இன்னொரு தடவ அலாரம் அடிக்கலேன்னா நானே கிரவுண்டுக்கு வந்து பந்தப் பிடுங்கிருவேன்." பிறகு மணியைப் பார்த்துவிட்டு டிரைவரிடம் சொன்னார்: "அப்பு, கொஞ்சம் வெரசா போ. பிள்ளைக்கு மேட்ச் இருக்காம்."

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் செட் முடிந்திருந்தது. ஜெயராணி முறைத்தாள். "எங்கடி போன?" அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? வெள்ளிக்கிழமை பிராக்டிஸ காலையில ஆறு மணிக்கு மாத்தியிருப்பேன்ல," என்றாள். அந்த மேட்ச்சில் தோற்றோம். அந்த செமஸ்டரில் ஒரு பேப்பரும் போனது. அடுத்த முறை எழுதி எடுத்தேன். மூன்று மாதம் கழிந்ததைப் பற்றிச் சாரும் பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

இப்போது ஆபீசில் எனக்குக் கீழே நான்கு பேர். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: ஆபீசுக்கு வெளியே உங்களுக்கு என்ன சோலி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? சிலர் தயங்குவார்கள். "ஒண்ணும் இல்லை" என்று சொல்கிறவரிடம் இரண்டாம் வாரம் மறுபடி கேட்பேன். பதில் வந்ததும் அந்த நேரத்தைக் காலண்டரில் அடைத்துவிட்டு, மீதி நேரத்துக்குத்தான் வேலை பிரித்துக் கொடுக்கிறேன்.